வாரண்டிக்குள் இருக்கும் டிராக்டரில் கிளச் சிலிப்: ஏஜென்ட் ‘ஓவர்லோட்’ என்கிறார், என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டான்_கமம்

வணக்கம். வீட்டு மெசின் பற்றிய பிரச்சினை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

45 குதிரைவலு டிராக்டர். புதிதாக, லீசிங்கில் எடுத்தது. வாரண்டி 2 வருடம் அல்லது 1000 மணித்தியாலம், எது முதலில் வருகிறதோ அது. இப்போது இரண்டாவது வருடம் ஓடுகிறது, மீற்றர் 600ஐத் தாண்டிவிட்டது. எந்தக் கொம்பனி, எந்த ஏஜென்ட் என்று எழுதப்போவதில்லை. லீசிங் முடியும்வரை அவர்களின் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

வெறும் பெட்டியோடு (ட்ரெய்லர்) ஓடினால் ஒரு குறையும் இல்லை. நெல் ஏற்றிக்கொண்டு வயலில் இருந்து குளக்கட்டுக்கு ஏறும்போது என்ஜின் இரைகிறது, மெசின் நகராது. கலப்பை ஆழமாக இறங்கினாலும் அதே கதை. முதல் தடவை கொண்டுபோனபோது பெடலை அட்ஜஸ்ட் பண்ணித் தந்தார்கள். கொஞ்ச நாள் ஓடியது. திரும்பவும் வந்தது. இரண்டாவது தடவை மெசினை ரெண்டாகக் கழற்றிக் கிளச் தட்டு மாற்றினார்கள். தட்டு தேய்மானப் பொருளாம், வாரண்டியில் வராதாம். தட்டுக் காசும் கூலியும் எங்கள் தலையில். சரி என்று கட்டினோம். இப்போது மூன்றாவது தடவை அதே சிலிப்.

இந்த முறை சொல்வது: பாரம் கூட ஏற்றுகிறீர்கள், டிரைவர் கிளச்சில் கால் வைத்தபடி ஓட்டுகிறார், பெட்டியும் அவர்களின் கொம்பனிப் பெட்டி இல்லை, வெளியில் வெல்டிங்கில் ஒட்டி எடுத்த பெட்டி. திறந்து பார்க்கச் சொன்னால், திறக்கும் கூலிக்கு முதலில் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது தடவை மெசின் அவர்களின் யார்டில் கிடந்தது புழுதி விதைப்பு நேரம். மழைக்கு முன்னம் உழுது முடிக்காவிட்டால் மானாவாரிக்காரனுக்கு அந்தப் போகம் போச்சு என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். சொந்த மெசினுக்கு லீசிங்கும் கட்டி, சொந்த வயலை உழ வாடகை மெசினும் பிடித்தோம். தண்ணீர் பவுசர், விறகு, நெல், வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனம், எல்லாவற்றுக்கும் இந்த ஒரு மெசின்தான்.

இதில் சண்டை பிடிப்பதில் பயன் உண்டா? இல்லை, வெளியில் கொடுத்துச் செய்துவிட்டு விடவா?

பரந்தன்_சந்தி

வெளியில் கொடுங்கள் அண்ணை. நானும் இரண்டு கொம்பனி பார்த்துவிட்டேன், நிறம்தான் வேறு. வாரண்டிப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். எங்கள் அப்பாவின் பழைய மசி 135 டிராக்டருக்கு வாரண்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, இன்றைக்கும் ஓடுகிறது.

அப்புறம், பொங்கலுக்குச் சனம் ஏற்றிய கதையை ஏஜென்ட்டிடம் சொல்லிவிடாதீர்கள். அதையும் பில்லில் சேர்ப்பார்கள்.

மாங்குளம்_கராஜ்

தம்பி, வெளியில் கொடுக்க முதல் ஒரு விஷயம் பாருங்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் மெசின் கழற்றுகிறவன்.

கிளச் சிலிப் ஆவதற்கு ஓட்டுகிறவன் மட்டும் காரணம் இல்லை. என்ஜினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் கிளச் இருக்கும் கூட்டுக்குள் இரண்டு பக்கத்தால் ஒயில் வரலாம். முன்பக்கம் கிராங்கின் (என்ஜினின் சுழல்தண்டு) பின்பக்க ஒயில் சீல். பின்பக்கம் கியர்பொக்ஸில் இருந்து வரும் தண்டின் சீல். இதில் எது கசிந்தாலும் ஒயில் தட்டில் படும். ஒயில் பட்ட தட்டு பாரம் இல்லாதபோது பிடிக்கும், பாரம் வந்தால் வழுக்கும். நீங்கள் சொல்வது அச்சாக அப்படித்தான் இருக்கிறது. புதுத் தட்டுப் போட்டாலும் சீலை மாற்றாவிட்டால் அதுவும் கொஞ்ச நாளில் ஊறிவிடும்.

மெசினுக்குக் கீழே படுங்கள். கிளச் கூட்டின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அநேகமான மெசின்களில் அதற்குள் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். கசிகிற ஒயில் உள்ளே நிற்காமல் வெளியேற வைத்த ஓட்டை. அதில் ஈரம் இருக்கிறதா, இருந்தால் என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள். கறுப்பு என்றால் என்ஜின் ஒயில். தேன் நிறம் என்றால் கியர்பொக்ஸ்.

ஒட்டுசுட்டான்_கமம்

ஐயா, இப்போதுதான் பார்த்தேன். பின் இல்லை. ஓட்டை சேறு இறுகி அடைத்துக் கிடந்தது. கம்பியால் குத்தினேன், கறுப்பாக வடிந்தது. ஒரு சிரட்டை வைத்திருக்கிறேன், அதற்குள் சொட்டுகிறது. போட்டோ எடுத்திருக்கிறேன்.

மாங்குளம்_கராஜ்

அப்படியென்றால் கிராங்கின் பின்பக்கச் சீல்தான். நூறு வீதம் திறந்தால்தான் சொல்லலாம், ஆனால் வேறு இடம் தேட வேண்டிய தேவை இல்லை.

சேற்று உழவு செய்யும் மெசின்களில் அந்த ஓட்டை அடைபடுவது வழமை. சிலர் சேறு உள்ளே போகாமல் வேண்டுமென்றே அடைப்பார்கள், பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். அடைத்தால் கசிவு வெளியில் தெரியாது, உள்ளே தட்டில் தெறித்துக்கொண்டே இருக்கும்.

முக்கியமானது இனித்தான். சீல் தேய்மானப் பொருள் இல்லை. 600 மணித்தியாலத்தில் கிராங் சீல் போனால் அது சீலின் பிழை அல்லது பூட்டினவனின் பிழை. பாரம் ஏற்றினால் கிராங் சீல் கசியாது. போன முறை ரெண்டாகக் கழற்றியபோது பிளைவீலுக்கு (கிளச் தட்டு அழுத்திப் பிடிக்கும் என்ஜின் சக்கரம்) பக்கத்தில் எண்ணெய் இருந்திருக்கும். கழற்றினவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் தட்டை மட்டும் மாற்றியிருந்தால் அந்த வேலையே அரைவேலை. சீல் ஒரு சின்னச் சாமான், கழற்றிப் பூட்டும் கூலிதான் பெரிது. அந்தக் கூலியை நீங்கள் ஏற்கெனவே ஒருதடவை கட்டிவிட்டீர்கள்.

சேர்விஸ்_முன்னாள்

நான் சில வருடம் ஒரு ஏஜென்சி வேர்க்ஷொப்பில் இருந்தவன் (உங்கள் கொம்பனி இல்லை என்று நினைக்கிறேன்). மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

வாரண்டி வேலையில் ஏஜென்ட்டுக்கு லாபம் இல்லை. வேலையைச் செய்து, பழுதான சாமானையும் போட்டோவையும் மணித்தியால மீற்றர் படத்தையும் கொழும்பில் இருக்கும் இறக்குமதிக் கொம்பனிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் காசு வரும். கூலி அவர்களின் அட்டவணைப்படி, அது வெளியில் வாங்கும் கூலியைவிடக் குறைவு. சாமான் சேதம் என்று அவர்கள் திருப்பி அனுப்பினால் நட்டம் ஏஜென்ட்டுக்கு. ஆகவே காலபோகம் தொடங்கும் நேரத்தில் யார்டில் காசு வேலை பத்தும் வாரண்டி வேலை ஒன்றும் நின்றால் எது முதலில் நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

‘உதிரிப்பாகம் வரவில்லை’ என்பதும் அப்படித்தான். 2022இல் டொலர் இல்லாத காலத்தில் அது உண்மை, நாங்களே பழைய சீலைக் கழுவிப் போட்ட நாட்கள் உண்டு. இப்போது பாதி நேரம் அது ‘இன்னும் ஓடர் போடவில்லை’ என்பதற்கு நல்ல பெயர்.

அவர்கள் நேரடியாக ‘வாரண்டி இல்லை’ என்று எழுதித் தரமாட்டார்கள். எழுதித் தந்தால் அது கொழும்புக்குப் போகும். வாயால் சொல்வார்கள், இழுப்பார்கள், அதற்குள் போகம் வந்துவிடும், நீங்களே அவசரத்தில் காசு கட்டி எடுத்துக்கொண்டு போவீர்கள். போன தடவை நடந்தது அதுதான்.

எனக்கு இரண்டு கேள்வி. இலவச சேர்விஸ் எல்லாம் நேரத்துக்குச் செய்தீர்களா? இரண்டாவது தடவை ஜொப் கார்டில் (வேலையைப் பதியும் தாள்) முறைப்பாடு என்று என்ன எழுதியிருக்கிறது?

ஒட்டுசுட்டான்_கமம்

50 மணித்தியாலம் நேரத்துக்கு நடந்தது. 250ஐ 280க்குக் கிட்டத்தான் செய்தார்கள். அது எங்கள் தாமதம் இல்லை, ‘நாங்கள் வீட்டுக்கு வந்து செய்வோம்’ என்று சொல்லி அறுவடை முடியும்வரை வரவில்லை. போனில் மெசேஜ் இருக்கிறது.

ஜொப் கார்ட் இங்கிலிஷில். மகளைக் கொண்டு வாசித்தேன். நான் சொன்னது ‘பாரத்தில் சிலிப்’. எழுதியிருப்பது ‘கிளச் தட்டு மாற்ற வாடிக்கையாளர் கேட்டார்’. தட்டு மாற்றச் சொல்லி நான் ஏன் கேட்கப்போகிறேன்?

சேர்விஸ்_முன்னாள்

இதுதான். வாடிக்கையாளர் கேட்டு மாற்றியது என்று எழுதினால் அது காசு வேலை, காரணம் தேட வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. எல்லா இடத்திலும் நடக்கிறது.

அடுத்த தடவை கையெழுத்துக்கு முன் முறைப்பாட்டை உங்கள் கையால் தமிழிலேயே எழுதுங்கள், அங்கேயே போட்டோ எடுங்கள்: ‘பாரத்தில் கிளச் சிலிப். கிளச் கூட்டின் அடி ஓட்டையால் என்ஜின் ஒயில் கசிகிறது. காரணம் கண்டுபிடிக்கவும்.’ மீற்றரையும் சேர்த்துப் படம். அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள், 250 சேர்விஸ் கதையை அவர்கள் எடுக்காமல் விடமாட்டார்கள்.

ரொறன்ரோ_வன்னியன்

ஹெட் ஒபிசுக்கு ஒரு ஈமெயில் போடுங்கோ அண்ணை, அவ்வளவுதான். இங்கே எனது பிக்கப் ட்ரக்குக்கு இப்படி ஒரு பிரச்சினை வந்தபோது ஏஜென்சியே வேறு வாகனம் தந்தது, ட்ரெய்லரும் கொழுவக் கூடியது.

பரந்தன்_சந்தி

நல்லது. எங்களுக்கு ஏஜென்ட் தந்த வேறு வாகனம் பஸ், ஏ9 வீதியில் கைகாட்டினால் நிற்கும்.

நெடுங்கேணி_அக்கா

நான் கொஞ்சம் சட்டப் பக்கம் சொல்லவா? எங்கள் வீட்டு நீர் இறைக்கும் மோட்டருக்காக ஒருதடவை அலைந்து படித்தது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் 13ஆம் பிரிவு. கொடுத்த உத்தரவாதத்துக்கு அமைய இல்லாத பொருள் பற்றி அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். அவர்கள் விசாரித்து, பிழை இருந்தால் நட்டஈடு, மாற்றிக் கொடுப்பது, காசைத் திருப்பிக் கொடுப்பது என்று கட்டளை போடலாம். சேவை பற்றியும் முறையிடலாம். உரிய கவனத்தோடும் திறனோடும் சேவை செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு.

இதில் ஒரு பிடி இருக்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருளை விற்று அல்லது சேவையை வழங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். டிராக்டர் வாங்கி ஒரு வருடம் தாண்டியதால் விற்பனையைப் பிடித்துப் போக முடியாது. ஆனால் பழுதுபார்த்தது ஒரு சேவை. அந்தத் தட்டு மாற்றிய பில்லின் திகதி என்ன? 3 மாதம் ஆகாவிட்டால் அதைப் பிடித்துப் போங்கள். ஆகிவிட்டால், இப்போது திரும்பக் கொடுத்து, அவர்கள் செய்யும் அல்லது செய்யாமல் விடும் வேலையைப் பிடியுங்கள். அழைப்பு இலக்கம் 1977. போனில் சொல்வதோடு நிற்காமல் கச்சேரியில் (மாவட்டச் செயலகம்) இருக்கும் அவர்களின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு பிரதியில் அலுவலக முத்திரை வாங்குங்கள்.

இன்னொன்று, லீசிங் கொம்பனிக்கும் கடிதத்தின் ஒரு பிரதி அனுப்புங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் அவர்கள்தான். அவர்களின் சொத்து யார்டில் கிடக்கிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும். ஏஜென்ட்டுக்கு வியாபாரம் கொண்டுவருவதும் அவர்கள்தானே. உங்கள் கடிதத்தைவிட அவர்களின் ஒரு போன் கோலுக்கு மரியாதை கூட.

முழங்காவில்_78

எல்லாரும் ஏஜென்ட்டை மட்டும் ஏசுகிறீர்கள். ஓவர்லோட் என்பது பொய்யான குற்றச்சாட்டும் இல்லை. எங்கள் பக்கம் கல், மண் ஏற்றுகிற பெட்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? பக்கப் பலகைக்கு மேல் பலகை கட்டி, ரயர் சப்பையாகும் அளவுக்கு ஏற்றுவார்கள். 45 குதிரை மெசின் இழுக்கும்தான். இழுப்பது வேறு, நிற்பாட்டுவது வேறு. அநேகமான பெட்டிகளில் பிரேக்கே இல்லை. கிளச்சைப் பாதி மிதித்து ஏற்றத்தில் மெசினைத் தூக்கி நிறுத்துகிற பெடியளையும் தெரியும். அப்படி எரித்த தட்டுக்குக் கொம்பனி ஏன் காசு தர வேண்டும்?

ஒட்டுசுட்டான்_கமம்

நியாயமான கேள்வி. நாங்கள் மண் ஏற்றுவதில்லை, கல் ஏற்றுவதில்லை. அதிகம் ஏற்றினது நெல் 40 மூடை. மூடை 70 கிலோ என்று பிடித்தாலும் 2800 கிலோ. பெட்டி 3 தொன் பெட்டி. வெளியில் ஒட்டினது என்பது உண்மை, விற்கும்போது அந்தப் பெட்டிக்குக் கொக்கி பூட்டித் தந்தது அவர்களின் மெக்கானிக்தான். அன்றைக்கு அது குற்றமாகத் தெரியவில்லையாம்.

மாங்குளம்_கராஜ்

முழங்காவில் தம்பி சொல்வதில் பிழை இல்லை. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். கால் வைத்து எரித்த தட்டு காய்ந்து இருக்கும், பிளைவீல் முகத்தில் நீலத் தடம் விழும், கருகின மணம் அடிக்கும். ஒயிலில் ஊறின தட்டு பளபளவென்று கறுத்து ஈரமாக இருக்கும், கூட்டின் உள்சுவரில் எண்ணெய்ப் படை இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், ஊறின தட்டோடு நெடுக ஓடினால் வழுக்கி வழுக்கி அதுவும் எரியும். அப்போது நீலத் தடத்தை மட்டும் காட்டி ‘பாருங்கள், டிரைவர்’ என்பார்கள். அதனால் இனிப் பாரம் ஏற்றாதீர்கள். ஓட்டிக்கொண்டு போகாமல் லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள். கழற்றும் நாளைக் கேட்டு, பக்கத்தில் நில்லுங்கள். பிரித்தவுடன், யாரும் துணி கொண்டு துடைக்க முதல், பிளைவீல், கூட்டின் உட்பக்கம், தட்டின் இரண்டு முகம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். வேர்க்ஷொப்புக்குள் வாடிக்கையாளர் வரக்கூடாது என்று போர்ட் காட்டுவார்கள். அப்படியென்றால் நீங்களே எடுத்துத் தாருங்கள் என்று கேளுங்கள்.

விசுவமடு_பெடியன்

நான் அறிவியல் நகர் ஜேர்மன் டெக் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனப் பகுதி படித்தவன். ஐயா சொன்னதோடு ஒன்று. புது சீல் போடும்போது கிராங்கின் அந்த முகத்தில் பழைய சீல் தேய்த்த கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோடு இருந்தால் புது சீலும் நெடுக நிற்காது. என்ஜினின் காற்றுப்போக்கிக் குழாய் அடைத்திருந்தாலும் உள் அழுத்தம் கூடி சீல் வழியாக ஒயிலைத் தள்ளும். புழுதி உழவு மெசின்களில் அந்தக் குழாய் அடைவது அதிகம். அதைப் பார்க்காமல் சீலை மட்டும் போட்டால் நீங்கள் நாலாவது தடவையும் இங்கே வந்து எழுதுவீர்கள்.

ஒட்டுசுட்டான்_கமம்

தாமதத்துக்கு மன்னிக்கவும், அறுவடை நேரம். நடந்ததைச் சொல்கிறேன்.

லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். முறைப்பாட்டைத் தமிழில் நானே எழுதினேன். கவுண்டரில் இருந்த பிள்ளை ‘இப்படி எழுத முடியாது’ என்றது, சரி, முடியாது என்று அதன் கீழே எழுதித் தாருங்கள் என்றேன். மனேஜரிடம் போய் வந்து விட்டுவிட்டார்கள். கழற்றும் கூலிக்கு முன்கையெழுத்துக் கேட்டார்கள். ‘பிழை எங்களுடையது என்றால் மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். லீசிங் கொம்பனிக்குக் கடிதம் போனதையும் சொன்னேன். அக்கா சொன்னது சரி, மனேஜரின் குரல் மாறினது அந்த இடத்தில்தான்.

வழக்கம்போல இழுத்தார்கள். பிறகு கொழும்பில் இருந்து கொம்பனியின் ஆள் வேறு ஒரு வேலையாக வடக்கே வந்தவர், எங்களுடையதையும் பார்த்தார். பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கூடு முழுக்க எண்ணெய். தட்டு ஊறிப்போய் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் கருகலும் உண்டு. அவர் ஏஜென்ட்டின் மெக்கானிக்கைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார், அவர் பதில் சொல்லவில்லை. காற்றுப்போக்கியையும் பார்க்கச் சொன்னேன், அரைவாசி அடைத்திருந்தது. அதைச் சொன்னதும் ‘பராமரிப்புக் குறை’ என்று ஒரு வரி எழுதினார். 250 சேர்விஸ் மெசேஜைக் காட்டினேன். வரியை வெட்டினார்.

முடிவு: சீலும் இந்தத் தடவைக் கூலியும் வாரண்டியில். இந்தத் தட்டில் பாதி எங்களுக்கு, கருகலைக் காரணம் காட்டி. முதல் தட்டுக்கும் அந்தக் கூலிக்கும் கட்டிய காசு பற்றிக் கேட்டால் ‘அது முடிந்த வேலை’ என்கிறார்கள்.

நெடுங்கேணி_அக்கா

முடியவில்லை. அந்த வேலையில் காரணம் தேடவில்லை என்பதை இப்போது அவர்களின் கொம்பனி ஆளே பார்த்திருக்கிறார். படங்களோடு எழுத்தில் கொடுங்கள். 3 மாதக் கணக்கு மட்டும் கவனம்.

பரந்தன்_சந்தி

வாடகை மெசினுக்குக் கொடுத்த காசு?

ஒட்டுசுட்டான்_கமம்

அதற்கு ரசீது இல்லை, பக்கத்து வயல்காரரின் மெசின். அவரிடம் கடிதம் ஒன்று வாங்கிக் கமக்காரர் அமைப்புத் தலைவரின் ஒப்பத்தோடு சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். தருவார்கள் என்று நம்பிக்கை இல்லை, இருந்தாலும் தொகையை எழுதத்தான் போகிறேன். பில்லின் திகதியைப் பார்த்தேன், 3 மாதத்துக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. திங்கள் கச்சேரிக்குப் போகிறேன்.

முழங்காவில்_78

போகும்போது பெட்டிக்குப் பிரேக் பூட்டுகிற ஆள் யாரும் முல்லைத்தீவுப் பக்கம் இருந்தால் விசாரித்து வாருங்கள். எனக்கும் வேண்டும்.